கீழ் ஓரத்து வெளிச்சம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேலம்மா. முப்பத்து மூன்று வருடம் கட்டட வரைபடங்களைப் பிரதி எடுத்த கை. அங்கே கதவென்றால் பக்கத்தில் ‘கதவு’ என்று எழுத வேண்டும், ஜன்னலென்றால் ‘ஜன்னல்’. அகலம் இத்தனை, உயரம் இத்தனை. பெயரில்லாமல் ஒரு கோடு தாளில் அநாதையாகக் கிடந்தால் மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பணிக்காலம் முழுவதும் ஒரு வட்டம்கூட வாங்காதவள் தான் ஒருத்தி மட்டுமே என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஓய்வு பெற்ற மறு வருடமே கணவர் போய்விட்டார். மகன் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டிக்கோ என்று மூன்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஆறு நாள் இருக்கிறதே, அதை யார் தலையில் கட்டுவது? கடைக்காரரிடம் “பால் ஒண்ணு”, லிஃப்டில் யாராவது கேட்டால் “மூணாவது மாடி”. ஒரு நாளைய பேச்சு இவ்வளவுதான். சில நாள் சாயங்காலம், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தொண்டையைச் செருமிப் பார்ப்பாள். தனிமை கினிமை எல்லாம் பெரிய வார்த்தை, வீட்டில் இன்னொரு ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கும் கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஓவிய வகுப்பில் சேர்ந்தது பொழுது போகத்தான். வகுப்பு என்றால் நான்கு சுவர் கிடையாது. சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலியும் பலகையும் போஸ்டர் கலர் புட்டிகளும் தூக்கிக்கொண்டு எங்காவது வெளியில் போய் உட்கார வேண்டும். கண்ணெதிரில் இருப்பதைத்தான் வரைய வேண்டும். போட்டோ பார்த்து வரையக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் மெருகு போடக் கூடாது. சொல்லித் தருகிறவனுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம், அவள் மகனைவிடச் சின்னவன். எதைப் பார்த்தாலும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டே பார்ப்பதால் அவனுக்கு அரைக்கண் மாஸ்டர் என்று பெயர்.

முதல் நாள் அவள் ஒரு பெஞ்சை வரைந்தாள். நான்கு காலும் அளவு பிசகாமல் நின்றன. பழக்கதோஷத்தில் பக்கத்தில் ‘பெஞ்ச்’ என்று எழுதியும் வைத்துவிட்டாள்.

“மேடம், இது பெஞ்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்றான் மாஸ்டர்.

“யார் சொல்லணும்? பெஞ்சுதானே?”

“அங்கதான் வினையே. பேர் வெச்ச உடனே கண்ணு பார்க்கறதை நிறுத்திடும். மூளை தனக்குத் தெரிஞ்ச பெஞ்சைப் போட ஆரம்பிச்சிடும். பேரை மறந்துடுங்க. ஒரு பழுப்பு, பக்கத்துல ஒரு கறுப்பு, நடுவுல கொஞ்சம் வெளிச்சம். அவ்வளவுதான் இருக்கு.” பிறகு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கண்ணாடியைக் கழட்டுங்க” என்றான்.

அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடியைக் கழற்றியதும் தெரு கரைந்துபோயிற்று. கடைப்பலகை எழுத்து, ஜன்னல் கம்பி, ஆட்களின் முகம் எல்லாம் போய், வெறும் வண்ணம் திட்டுத் திட்டாக நின்றது. துருப்பிடித்த தகரக் கூரை அவ்வளவு அழகான ஆரஞ்சு என்று யார் கண்டார்கள்? பிளாஸ்டிக் வாளியின் நீலம் கீழே ஈரத்தரையில் இன்னொரு முறை விழுந்து கிடந்தது. இத்தனை வருடமாக எதற்கெல்லாம் பெயர் எழுதினோமோ அதில் ஒன்றைக்கூடப் பார்க்கவே இல்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையைத் தயங்காமல் சொல்லலாம்போல இருந்தது.

அதிலிருந்து வார நாட்களிலும் தனியாகக் கிளம்ப ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் ஒரு பின்சந்து. ஒரு பக்கம் நீளமான மதில், அதை ஒட்டி ஒரு வேப்பமரம். எதிர்ப்பக்கம் பழைய அடுக்குவீடு ஒன்றின் பின்புறம். தரைத்தள வீட்டுக்கு முழங்கால் உயரத்துக்குக் கம்பிவேலி போட்ட சின்ன முற்றம், குறுக்கே ஒரு துணிக்கொடி, அதற்குப் பின்னால் ஏழு கம்பி வைத்த கிரில் கதவு. கதவுக்கு உள்ளே நல்ல இருட்டு. மரநிழலில் நாற்காலியைப் போட்டால் அந்தக் கதவு அவளிடமிருந்து இருபத்திரண்டு அடி. அளந்து பார்க்கவில்லை, அவள் கண் அப்படிப் பழகிய கண்.

அந்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காலை எட்டரைக்குத் துணி உலர்த்துவார், பதினொன்றரைக்கு எடுப்பார். மனதுக்குள் அவரைக் கொடிக்காரர் என்று அவள் கூப்பிட்டாள். இரண்டு மாதம் இருவரும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்தார்.

“என் பனியனையுமா போடுறீங்க?”

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. “பனியன் இல்லைங்க. அது ஒரு வெள்ளை.”

“வெள்ளையாவது ஒண்ணாவது. அது வாங்கி எட்டு வருஷமாச்சும்மா, வெள்ளையெல்லாம் எப்பவோ போயிடுச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த தைரியத்தில் ஒரு வார்த்தை கூடவே வந்துவிட்டது. “ஒரே வெள்ளையும் சாம்பலுமா இருக்கு. எங்கயாவது ஒரு மஞ்சள் இருந்தா படத்தைத் தூக்கிக் காட்டும்.”

“மஞ்சளா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சை ஒரு தடவைக்கு நாலு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்றிருந்தது. அதனால் அடுத்த ஒரு வாரம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. மனுஷர் இல்லாமல் மனம் தவிக்கும், மனுஷர் வாய் திறந்தால் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். அந்த ஜாதி அவள்.

செவ்வாய்க்கிழமை போனபோது கொடியில் ஒரே ஒரு சட்டை தொங்கியது. நல்ல கடுகு மஞ்சள். பின்னால் கதவின் இருட்டு, முன்னால் காலை வெயில், நடுவில் அந்த மஞ்சள். அடித்தது அதிர்ஷ்டம் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். ஒன்பது மணிக்குத் தொடங்கியவள் பதினொன்று வரை தலை நிமிரவில்லை என்று சொல்வது தப்பு, நிமிர்ந்துகொண்டேதான் இருந்தாள். நிமிடத்துக்குப் பத்து முறை அந்தக் கதவைப் பார்த்தாள். கீழ் ஓரத்தில், மூன்றாம் கம்பிக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. கொஞ்சம் சந்தனம், கொஞ்சம் பழுப்பு. இருட்டில் அது இருந்தது நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தொல்லை, அவ்வப்போது அசைந்தது. வெயில் நகர்கிறது என்று நினைத்தாள். வெளிச்சத்தைத் துரத்தாதீங்க, முதல்ல பார்த்ததை வெச்சுக்குங்க என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறானே. பார்த்தபடி வைத்தாள்.

புதன்கிழமை காலையில் சட்டை அதே இடத்தில் அப்படியே தொங்கியது.

இதைவிட என்ன வேண்டும் ஒரு ஓவியருக்கு? ஆப்பிளை வரைந்தால் அழுகும், ஆளை வரைந்தால் எழுந்து போவான். ஒரு மடிப்புக்கூட மாறாமல் இரண்டாம் நாளும் காத்திருக்கும் சட்டையை எங்கே போய்த் தேடுவது? கொடிக்காரர் எடுக்க மறந்துவிட்டார், நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். இதைச் சொல்லாமல் மறைத்தால் கதை சுத்தமாக இருக்கும். ஆனால் அப்படித்தான் நினைத்தாள். புதுத் தாளில் மறுபடி வரைந்தாள். அந்தச் சின்ன வெளிச்சம் இப்போது ஐந்தாம் கம்பிக்கு நகர்ந்திருந்தது, நேற்றைவிடத் தாழ்வாக, மங்கலாக. அசையவில்லை. நேற்றுக்கு இன்று பரவாயில்லை, தொல்லை பண்ணவில்லை என்று அதையும் தொட்டு வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு படத்தையும் போனில் எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் குரல் பதிவு வந்தது. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“மேடம், நீங்க எங்கயோ போயிட்டீங்க. சட்டை பிரமாதம். ஆனா அது இல்ல விஷயம். கீழ் ஓரத்துல கதவுக்குள்ள ஒரு சின்ன வெளிச்சம் வெச்சிருக்கீங்களே, ரெண்டு படத்துலயும், படத்தோட உயிரே அதுதான். சும்மா கேக்கறேன், அது என்ன?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேர் வைக்காதே என்று உயிரை எடுத்தவன் கேட்கிற கேள்வியா இது? அது என்னவோ ஒரு வெளிச்சம் என்று பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனாலும் முப்பத்து மூன்று வருடப் பழக்கம் சும்மா விடுமா? இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

மூன்றாம் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு தீற்றல். அதன் மேல் முனையில் நான்கு சின்னக் கோடு. பக்கவாட்டில் குட்டையாக இன்னொன்று. அவள் மூளைக்குத் தெரியாமல் அவள் கண் பார்த்தது. கண் சொன்னதை அவள் தூரிகை ஒரு பிசகில்லாமல் வைத்திருந்தது. இரண்டாம் படத்தில் அதே தீற்றல் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

சட்டை ஏன் இரண்டு நாளாக எடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பன்னிரண்டு நிமிட நடையை அறுபத்தொரு வயதில் எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு காலில் செருப்பு இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தாள். சந்தில் வெயில் இறங்கியிருந்தது. மஞ்சள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடலாமென்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெயர் தெரியாது. “என்னங்க, என்னங்க” என்று கத்தினாள். நாள் முழுவதும் பால் ஒண்ணு சொல்லிப் பழகிய குரல் அவ்வளவுதான் எழும்பியது.

மாடி வீட்டு அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். “அவரா? ரெண்டு நாளா சத்தமே இல்லையே. ஊருக்குப் போயிருப்பாரு.”

“போகலைங்க. உள்ளதான் இருக்கார். கதவுகிட்ட விழுந்து கிடக்கார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் வரைஞ்சிருக்கேன்” என்றாள் ஸ்கேலம்மா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

மாடி வீட்டு அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஸ்கேலம்மா முழங்கால் உயர வேலியை ஒரு காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். கிரில் கதவில் பூட்டு இல்லை. தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவர் வெறுமனே சாத்திவிட்டு விழுந்திருக்கிறார். விரலால் தொட்டதும் திறந்துகொண்டது. இரண்டு நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. வலது பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டுவிட்டது, வாய் கோணியிருந்தது. இடது கை மட்டும் ஐந்தாம் கம்பிக்கு அடியில் நீண்டு கிடந்தது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சில்லென்று இருந்தது. வண்டி வருகிற வரை அவள் அதை விடவில்லை.

உயிர் பிழைத்துவிட்டார். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். அவருடைய மகள் அடுத்த நாளே வந்து சேர்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேலம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க மட்டும் பார்க்கலைன்னா எங்கப்பா இல்ல.” மாடி வீட்டு அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சனிக்கிழமை வகுப்பில் கை தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மகன்கூட மூன்று கேள்வியைத் தாண்டிப் பேசினான். அம்மா, நீ பெரிய ஆள்தான் என்றான். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு முள்ளாய்க் குத்தியது. பார்த்தேன் என்கிறார்களே, எங்கே பார்த்தேன்? இருபத்திரண்டு அடியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு நாள், நான்கு மணி நேரம், ஒரு மனுஷனின் கையை வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் ஒரே ஒருவர்தான். அவர் மன்னிக்காமல் போனாலும் சரி, தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் இரண்டு படத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். கொடிக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. குழறலாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஸ்கேலம்மா படங்களைப் போர்வைமேல் வைத்தாள்.

“உங்க மகள் சொல்றது பொய்ங்க” என்றாள். “நான் உங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி போடாம உட்கார்ந்திருந்தேன். சட்டையைத்தான் பார்த்தேன்.”

அவர் முதலில் மஞ்சள் சட்டையைப் பார்த்தார். “மஞ்சள்… கேட்டீங்களே” என்றார். “துவைக்கல. சும்மா… நனைச்சுப் போட்டேன். ஒரு வாரமா… தினமும்.”

அவள் பயந்து ஒளிந்திருந்த அந்த ஒரு வாரமும் மனுஷர் காலையில் ஒரு சட்டையை நனைத்துக் கொடியில் போட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அவர் இடது கை மெதுவாகப் படத்தின் கீழ் ஓரத்துக்கு நகர்ந்தது. விரலை அந்த வெளிச்சத்தின் மேல் வைத்தார். அளவு வேறு, வண்ணம் அதேதான்.

“பார்க்கலையா?” என்றார். “அப்ப… இது?”

“என்னன்னு தெரியாமலே போட்டேன்” என்றாள். “கூப்பிட்டீங்களா?”

“வாய் வரல. கை… ஆட்டினேன். நீங்க என்னையே… பார்த்துப் பார்த்து… வரைஞ்சீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “சரி… வரைஞ்சு முடிச்சிட்டு… வருவாங்கன்னு… படுத்திருந்தேன்.”

அடுத்த வாரம் மகள் அவரைத் தன் ஊருக்கு அழைத்துப்போய்விட்டாள். முதல் நாள் படத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டைக் காலி செய்யும்போது கொடியை யாரும் அவிழ்க்கவில்லை. காலை எட்டரைக்கு வெயில் அதன்மேல் விழுகிறது, பதினொன்றரைக்குப் போகிறது. ஸ்கேலம்மா இப்போதும் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். ஏழு கம்பி தெளிவாகத் தெரிகிறது, உள்ளே யாரும் இல்லை என்பதும் தெளிவாகத் தெரிகிறது. பலகையில் தாள் வெறுமனே இருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை, அங்கேயும் இல்லை.

இரண்டாம் நாள் படம் அவளிடமே இருக்கிறது. ஒரு மத்தியானம் அதை மேஜைமேல் விரித்து, பழைய பெட்டியிலிருந்து ஸ்கேலையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்தாள். கீழ் ஓரத்து வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அவள் வாங்கிய முதல் வட்டம். அதிலிருந்து ஓரம் வரை நேராக ஒரு கோடு இழுத்து, அலுவலகத்தில் எழுதிய அதே அச்சு எழுத்தில் ‘கை’ என்று எழுதினாள். அதற்குக் கீழே ‘தூரம் 22 அடி’ என்று எழுதிவிட்டு, பென்சிலைச் சீவிப் பெட்டியில் வைத்தாள்.